கடைசியாகச் சொன்னது

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் குடங்களை நிரப்பினேன். இன்று தண்ணீர் வரும் நாள். இருந்த குடங்களெல்லாம் நிரம்பிய பிறகும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா ராஜாமணியக்கா மாடிப்படியில் நின்றுகொண்டு, “ஒத்த ஆளுக்கு இம்புட்டுத் தண்ணி எதுக்கு அரசி? டியூப இங்கிட்டுப் போடு” என்றார். போட்டேன். அவர் சொன்னதில் தப்பில்லை. போன முறை பிடித்ததிலேயே ஒரு குடம் அப்படியே இருந்தது. அதைத் துளசிக்கு ஊற்றினேன்.

இல்லத்துக்குப் போனபோது செயலாளர் தனபாலன் சார் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். எதையாவது மாற்றச் சொல்லப்போகிறார் என்றால் அங்கேதான் உட்காருவார்.

இந்த வேலையைப் பற்றி இதுவரை இங்கே எழுதியதில்லை. மனநிலை தவறித் தெருவில் திரிந்த பெண்களை மீட்டுக் கொண்டுவந்து வைத்திருக்கும் இல்லம் இது. சில மாதங்களுக்கு ஒரு முறை ஒவ்வொருவரிடமும் அதே கேள்விகளைக் கேட்டு எழுதுவது என் வேலை. பெயர் என்ன, ஊர் எது, வீட்டில் யார் யார். ஒவ்வொரு முறையும் பதில் மாறும். எல்லாவற்றையும் தேதி போட்டு ஏற்றிவைக்கிறோம். அந்த விவரங்கள் காவல் நிலையங்களுக்குப் போகும். காணாமல் போனவர் பட்டியலோடு எங்காவது பொருந்தினால் ஒரு பெண் வீடு திரும்புவாள்.

“ஒருத்தருக்கு ஒரு வரிதான் கேக்குறாங்க மேடம்” என்றார் சார். “நீங்க பாட்டுக்கு எட்டு வரி, பத்து வரின்னு அனுப்புனா எந்த ஸ்டேஷன்ல உக்காந்து படிப்பாங்க? லேட்டஸ்ட் மட்டும் காட்டுங்க. பழசெல்லாம் மறைச்சிருங்க.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மருந்து பிடிக்கப் பிடிக்கத்தான் ஞாபகம் தெளியும். கடைசியாகச் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று நானே சொன்னேன். புதிய தேதி மேலே வரும்படி அடுக்கி, ஒவ்வொருவருக்கும் முதல் வரியை மட்டும் நிறுத்தி மற்றவற்றை மறைத்தேன். அழிக்கவில்லை, மறைத்தேன். நீண்டு கிடந்த பட்டியல் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. பார்க்கச் சுத்தமாக இருந்தது. வீடு கூட்டி முடித்தது போல.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அண்ணன் கூப்பிட்டான். எடுக்கவில்லை. கத்தரிக்காய் வாடிவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அறிக்கையை அனுப்பியாகிவிட்டது.

மதியம் கூடத்தில் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட்டேன். அலுவலக அறையில் தனியாகச் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தனியாகச் சாப்பிடுவதற்கு எனக்கு இரவு இருக்கிறது.

பரிமாறியது செல்வி. அவளும் இங்கே இருப்பவள்தான், ஆனால் வார்டன் லூர்தக்காவுக்கு அடுத்து சமையலறை அவள் கையில்தான். என் வயது இருக்கும். முடியை ஒட்ட வெட்டியிருப்பாள், அதிகம் பேச மாட்டாள்.

பக்கத்தில் பூங்கிளி வந்து உட்கார்ந்தாள். பழனியில் பேருந்து நிலையத்துக்கு வெளியே கிடந்தவள். முப்பது வயதுகூட இருக்காது. தன் பெயர்கூடத் தெரியாமல் வந்ததால் லூர்தக்கா வைத்த பெயர் பூங்கிளி. இப்போது சில மாதங்களாகத்தான் அவளுக்கு ஞாபகம் வர ஆரம்பித்திருக்கிறது.

“டீச்சர், எங்க அண்ணன் மைக் செட் கடை வச்சிருக்கான் தெரியும்ல?” இங்கே பேனா வைத்திருக்கும் எல்லோரும் டீச்சர்தான்.

“போன தடவ சொன்னியே. எழுதிட்டேன்.”

“மொட்டமாடில ரெண்டு குழாய் ரேடியோ கட்டிருப்பான். ஒண்ணு கம்மாய்ப் பக்கம் திரும்பியிருக்கும். ஒண்ணு கோயிலுப் பக்கம்.”

செல்வி ரசம் ஊற்றிக்கொண்டே, “ரெண்டும் கோயிலப் பாத்துத்தான் இருக்கும். பேசாம சாப்புடு” என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பொருந்திவிட்டது! அருப்புக்கோட்டைப் பக்கம் சாத்தனேந்தல். மைக் செட் வைத்திருக்கும் இருளப்பன் என்பவர் தன் தங்கை முத்துச்செல்வியைக் காணவில்லை என்று வெகு காலத்துக்கு முன்பே புகார் கொடுத்திருக்கிறார். பூங்கிளி கடைசியாகச் சொன்னதும் இதுவேதான். பெயர் முத்துச்செல்வி, ஊர் சாத்தனேந்தல், அண்ணன் மைக் செட். இருளப்பனிடமே பேசினேன். “ஆடி முடியட்டும் மேடம். ஊரூராக் கோயில் கொடை. குழாயக் கழட்டுன மறுநாளு வந்துர்றேன்” என்றார்.

தனபாலன் சார் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிவரச் சொன்னார். “பாத்தீங்களா மேடம், ஒரு வரி. அம்புட்டுத்தான். வேலை முடிஞ்சிருச்சு.” லூர்தக்கா பூங்கிளியின் கன்னத்தைக் கிள்ளி, “ஏ புள்ள, போனதும் எங்கள மறந்துராத. மைக்குல எம்பேரச் சொல்லி ஒரு பாட்டுப் போடச் சொல்லு” என்றார்.

சாம்பாரில் உப்பே இல்லை. செல்விக்குத் தலைவலி என்று படுத்துவிட்டாளாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இல்லத்தில் கொடியேற்றம். வாடகைக்கு எடுத்த மைக் கீச்சிட்டபடியே இருந்தது. பூங்கிளி மைக் செட்காரரிடம் போய், “எங்க அண்ணன் செட்டு இப்பிடிக் கத்தாது” என்று கண்டித்துவிட்டு வந்தாள்.

மதியம் வீட்டுக்கு வந்து தூங்கினேன். விழித்தபோது வெளிச்சம் காலையா மாலையா என்று புரியவில்லை. கேட்க யாரும் இல்லாததால் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன். தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டபிறகுதான் மாலை என்று தெரிந்தது.

தாமதமாக வந்தால் எங்கே போனாய் என்று கேட்பதற்கு இந்த வீட்டில் ஆள் இல்லை. என் ஃபோனை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. இதற்காகத்தான் வந்தேன். ஆனாலும் விடுமுறை நாட்கள் நீளமாக இருக்கின்றன.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இருளப்பன் வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை. ஒரு பையில் புதுச் சேலையும் காரச்சேவுப் பொட்டலமும். “அதுக்குக் காரச்சேவுன்னா உசுரு மேடம்” என்றார். ஒரு பழைய புகைப்படமும் காட்டினார். திருவிழாவில் எடுத்தது. ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு நடுவே ஒல்லியான ஒரு பெண் இரட்டைச் சடையோடு தூரத்தில் நிற்கிறாள். முகம் தெரியவில்லை.

ஆண்களைக் கூடத்துக்குள் விடுவதில்லை. சம்பந்தப்பட்ட பெண்ணை மட்டும் அலுவலக அறைக்கு அழைத்துவருவோம். பூங்கிளியைத் தலைக்குக் குளிக்கவைத்துப் பூ வைத்துக் கூட்டிவந்தார் லூர்தக்கா. உள்ளே வந்ததும் பூங்கிளி ஓடிப்போய் இருளப்பன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, வந்துட்டியா!”

அவர் கையை உதறவில்லை. அவளை நன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார். “இது இல்லீங்க மேடம்.”

“ஏண்ணே, நாந்தான. மெலிஞ்சுட்டேன்ல, அதேன் ஒனக்குத் தெரியல” என்றாள் பூங்கிளி. “மாடில ரெண்டு குழாயும் கோயிலப் பாத்துத்தான இருக்கு? நீ பெட்டியத் தொடைக்கிறப்ப யாரையும் கிட்ட விட மாட்டீல? அம்மா திண்ணுறு பூசிட்டுத்தான செட்ட வெளிய குடுக்கும்?”

இருளப்பன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “இதெல்லாம் இந்தப் புள்ளைக்கு எப்பிடிங்க தெரியும்?”

லூர்தக்கா பூங்கிளியை வெளியே கூட்டிப்போனார். போகும்போதும் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்து, “சாப்புட்டு இரு அண்ணே, துணியெடுத்துட்டு வந்துர்றேன்” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

இருளப்பன் வெகுநேரம் பேசினார். சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்ததால் சிலவற்றை இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. நாளைக்கு இட்லிகூட இல்லை, எதற்கு ஆட்டினார்களோ.

“எங்க ஒரு பொம்பளப் பொணம் கெடக்குன்னாலும் போய்ப் பாத்துருவேங்க. துணியத் தூக்குற வரைக்கும் அதுவா இருக்கக் கூடாதும்பேன். அது இல்லைன்னு ஆனதும், அப்ப இன்னும் தேடணுமேன்னு இருக்கும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்கம்மா இருந்த வரைக்கும் அம்மா பாத்துக்கிருச்சு. அதுக்கப்பறம் நாங்கதான். ஒரு கொறையும் வைக்கல மேடம். செட்டுச் சாமான் வைக்கிற ரூமையே ஒழிச்சு அதுக்குன்னு தனியாக் குடுத்தேன். வெளிய தாழ்ப்பாப் போட்டுப் பத்திரமா வச்சிருந்தோம். நேரா நேரத்துக்கு ஜன்னல் வழியா சாப்பாடு. ஒரு நா எம் பொஞ்சாதி தாழ்ப்பாப் போட மறந்துட்டா. அம்புட்டுத்தான்.”

தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். காரச்சேவுப் பொட்டலத்தை, “அந்தப் புள்ளைக்கே குடுத்துருங்க” என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். சேலையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

அவர் கெட்டவர் இல்லை. அதை எழுதிவைக்கத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 20, புதன்

பூங்கிளி காலையிலிருந்து கேட்டருகே துணிமூட்டையோடு உட்கார்ந்திருக்கிறாள். காரச்சேவைப் பிரிக்கவில்லை. அண்ணனோடு பேருந்தில் சாப்பிடுவதற்காம்.

லூர்தக்கா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மதியம் தட்டை வைக்கும்போது மட்டும், “நீங்களும் ஒங்க கம்ப்யூட்டரும். ஒண்ணும் இல்லாம இருந்த புள்ளைக்கு இப்ப ஒரு ஏக்கத்தக் குடுத்தாச்சு” என்றார்.

சாப்பிட்டதும் அறைக்கதவைச் சாத்திவிட்டு, மறைத்த வரிகளைத் திரும்பக் கொண்டுவந்தேன். ‘மைக்’ என்று தேடினேன். பூங்கிளிக்கு முன்பே வேறு ஒருத்தி அதைச் சொல்லியிருக்கிறாள். நான் இந்த வேலைக்கு வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய தேதி. ‘பெயர் முத்துச்செல்வி. ஊர் சாத்தனேந்தல். அண்ணன் மைக் செட். அம்மா இறந்துவிட்டார்.’ இல்லத்துக்கு வந்த வாரத்திலேயே சொன்னது.

அதே ஆள், அடுத்த முறை: ‘செல்வி. அருப்புக்கோட்டைப் பக்கம்.’ அதற்கடுத்து: ‘செல்வி. ஊர் ஞாபகமில்லை.’ கடைசி வரி நான் எழுதியது. ‘செல்வி. யாரும் இல்லை.’

அன்று அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் என் பேனாவைப் பார்த்தாள். பிறகுதான் சொன்னாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மற்ற எல்லோருக்கும் வரிகள் நீண்டுகொண்டே வந்திருக்கின்றன. இவளுக்கு மட்டும் குறைந்துகொண்டே போயிருக்கிறது. மருந்துக் கணக்கையும் எடுத்துப் பார்த்தேன். அதுவும் குறைந்திருக்கிறது, ஆனால் குணமானதால். குணமாகக் குணமாக ஞாபகம் போவது என்று ஒன்று கிடையாது.

வரிகளைப் பழையபடி மறைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

டாக்டர் வரும் நாள். சும்மா கேட்பது போல, “செல்வி எப்படி இருக்காங்க டாக்டர்?” என்றேன்.

“இங்க இருக்கிறதிலேயே தெளிவா இருக்கிறது அவங்கதான். உங்களையும் என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்” என்று சிரித்தார்.

பூங்கிளி இன்றும் கேட்டில்.

ஆகஸ்ட் 23, சனி

மதியத்துக்கு மேல் லூர்தக்கா கடைக்குப் போயிருந்தார். செல்வி சமையலறையில் தனியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கட்டை எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, “முத்துச்செல்வி” என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. “அந்தப் பேரு பூங்கிளிக்குக் குடுத்தாச்சு டீச்சர்.”

“ஏன் குடுத்தீங்க?”

“அவளுக்கு ஒண்ணுமே இல்லியே. நீங்க பேனாவத் தூக்கிட்டு வர்ற அன்னைக்கெல்லாம், சொல்ல எதுவும் இல்லேன்னு ராவு பூரா அழுவா. எங்கிட்ட ஒரு வீடு சும்மா கெடந்துச்சு. எனக்கு வேணாம். எடுத்துக்கடின்னு குடுத்துட்டேன். மாடி, கம்மாய், கோயிலு, எங்கம்மா திண்ணுறு பூசுறது எல்லாம் சொல்லிக் குடுத்தேன். மக்கு, அந்தக் குழாய மட்டும் கம்மாய்ப் பக்கம் திருப்பி விட்டுருவா.”

சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“இப்ப அவ கேட்டுக்கிட்ட உக்காந்திருக்கா.”

அப்போதுதான் அவள் கை நின்றது. “அவன் வருவான்னு நெனைக்கல டீச்சர். சத்தியமா. இத்தன வருசமா நீங்கள்லாம் எழுதுறீக. யாராச்சும் எடுத்துப் படிச்சாகளா? இப்ப எப்பிடிப் படிச்சாக?”

ஒரு வரியாகச் சுருக்கிக் கொடுத்தோம், படித்தார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. “நீங்க மொதல்ல வந்தப்ப எல்லாத்தையும் ஒழுங்காச் சொல்லியிருக்கீங்களே” என்றேன்.

“அப்ப எனக்குப் புத்தி சரியில்ல.”

வெளியே பூங்கிளி யாரிடமோ பேருந்து நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்க அண்ணன் ரொம்பத் தேடியிருக்கார் செல்வி. அழுதார்.”

“அழுவான். நல்லவந்தான். எனக்கு ஒரு கெடுதலும் நெனச்சதில்ல.” தண்டுகளை ஒதுக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். “காரச்சேவு வாங்கியாந்தான்ல? அப்பவும் வாங்கிட்டு வருவான். வந்து, ஜன்னல் கம்பி வழியா ஒண்ணு ஒண்ணாக் குடுப்பான். குடுத்துக்கிட்டே அழுவான். அன்னைக்கு ஆபீஸ் ரூம்ல பேசுன சத்தம் கேட்டதும் கிரைண்டரப் போட்டு விட்டுட்டேன்.”

“அப்ப, போகவே வேண்டாமா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எந்த ஊருன்னுதான் கேட்டீக இம்புட்டு நாளும். போறியான்னு ஒருத்தரும் கேக்கல.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, என் சின்னக் குறிப்பேட்டில் செருகியிருந்த பேனாவை உருவிக்கொண்டாள். “சரி, இப்ப நான் கேக்குறேன். பேரு?”

“மங்கையர்க்கரசி.”

“அம்மாடி! ஊரு?”

“கரூர்ப் பக்கம்.”

“பக்கம்னா?”

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “வீட்ல யாரு யாரு?”

“யாரும் இல்ல.”

என்னைச் சற்று நேரம் பார்த்தாள். மூடி கழற்றாத பேனாவால் உள்ளங்கையில் எழுதுவது போலச் செய்தாள். “யாரும் இல்ல,” என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். பிறகு, “ஒங்களுக்கும் மாத்திரையக் கொறச்சிட்டாக போல” என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் கூப்பிட்டிருந்தது தெரிந்தது. ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஒட்டடை அடித்தேன். ஜன்னல் திரைகளைத் துவைத்தேன். யாருடனும் பேசவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

நினைத்தது நடந்துவிட்டது. இருளப்பன் தனபாலன் சாரைக் கூப்பிட்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், என் தங்கை அங்கேதான் இருக்கிறாள், இல்லை இருந்திருக்கிறாள் என்கிறாராம். சார் அதைப் பிடித்துக்கொண்டார். “கரெக்ட்தான மேடம்? பழைய என்ட்ரி எல்லாத்தையும் எடுங்க. யாரையும் விடாம, எல்லா வரியும். வெள்ளிக்கிழமை டேபிளுக்கு வந்துரணும்.”

“ஊர் தெரிஞ்சு, ஆனா போக மாட்டேன்னு ஒருத்தர் சொன்னா சார்?”

“அவங்க சொல்றத வச்சு நம்ம முடிவெடுக்க முடியுமா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “இது வீடு இல்லாதவங்களுக்கான எடம் மேடம். வீடு தெரிஞ்சா அனுப்பி வச்சாகணும். ரோட்ல கெடக்குறவங்க எத்தன பேரு இந்த ஒரு பாய்க்குக் காத்துட்டிருக்காங்க தெரியுமா?” அதுவும் உண்மைதான். போன மாதம் இடமில்லை என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினோம்.

கதவுவரை போய்விட்டுத் திரும்பினார். “அப்பிடியே ஒருத்தர் தெளிவா இருந்து போக மாட்டேன்னா, டாக்டர் எழுதித் தரணும். வெளிய இருந்து ஒருத்தர் பொறுப்பேத்துக் கூட்டிட்டுப் போகணும். யாரு வருவா, சொல்லுங்க?”

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பட்டியலைத் தொடவில்லை. பூங்கிளி இன்று கேட்டுக்குப் போகவில்லை. செல்வி அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து அரிசி பொறுக்கச் சொல்லியிருந்தாள். காரச்சேவைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்களாம். எனக்கும் ஒரு பிடி எடுத்து வைத்திருந்தார்கள். நமத்துப் போயிருந்தது. தின்றேன்.

வெளியே வரும்போது செல்வி மெல்லக் கேட்டாள். “வெள்ளிக்கிழமையா டீச்சர்?” லூர்தக்கா சொல்லியிருப்பார்.

“ஆமா.”

“அந்தப் பேர அவகிட்டருந்து புடுங்கிறாதீக. நான் எதுன்னாலும் பாத்துக்கிருவேன். அவளுக்கு வேற இல்ல.”

மாலையில் அண்ணனிடமிருந்து ஒரு செய்தி. ‘மாப்பிள்ளை இப்ப ரொம்ப மாறிட்டார் அரசி. நீ வச்சுட்டுப் போன சாமானெல்லாம் வச்ச எடத்துலயே இருக்கு. வர வேண்டாம், எந்த ஊர்ல இருக்கேன்னாவது சொல்லு.’

அவனும் கெட்டவன் இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. விடுமுறை. ராஜாமணியக்கா கொழுக்கட்டை கொண்டுவந்தார். வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். “இன்னொரு ரூமு எதுக்கு அரசி? வாடகையும் குடுத்துப் பூட்டியே போட்டிருக்க.”

“சாமான் இருக்குக்கா.”

“என்ன பெரிய சாமான், ஒரு கட்டிலும் நாலு அட்டப் பெட்டியும். சொந்தக்காரக யாரையாச்சும் வரச் சொல்லு. பொம்பள ஆளுன்னா எனக்கு ஒண்ணும் இல்ல.”

அவர் போனபின் அந்த அறையைத் திறந்தேன். கரூரிலிருந்து வந்தபோது கட்டிக்கொண்டு வந்த அட்டைப்பெட்டிகள் அப்படியே இருக்கின்றன. ஒன்றைப் பிரித்தேன். குளிர்காலப் போர்வை, இரண்டு புத்தகம், ஒரு சாவிக்கொத்து. எந்த வீட்டுச் சாவி என்று தெரியும். குப்பையில் போட்டேன். மற்ற பெட்டிகளை என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அறையைக் கழுவிவிட்டேன். மாலைவரை அதுவே வேலையாகப் போனது.

ஆகஸ்ட் 28, வியாழன்

டாக்டரிடம் கேட்டேன். செல்வியிடம் தனியாகப் பேசிவிட்டு வந்தார். “நான் எழுதித் தர்றேன். தன்னைப் பத்தி முடிவு பண்ற தெளிவு அவங்களுக்கு இருக்கு. ஆனா வெளிய போய் எங்க இருப்பாங்க?” என்று கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் பட்டியலை எடுத்தேன். எல்லா வரிகளும் வந்தன. செல்வி சொன்ன முதல் வரியை இன்று மறைத்துவிடலாம், ஏன், அழித்தே விடலாம். யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழித்தால், இருளப்பன் இன்னும் எத்தனை பிணங்களின் துணியை விலக்கிப் பார்ப்பார்? அழிக்காமல் அப்படியே கொடுத்தால், திங்கட்கிழமை ஒரு வேன் அவளை ஏற்றிக்கொண்டு அந்த அறைக்குப் போகும். ஒருவர் கடைசியாகச் சொன்னதை மட்டும் காட்டுவதும் சரியில்லை, முதலில் சொன்னதைத் தோண்டியெடுத்து அவர்மேல் போடுவதும் சரியில்லை. இரண்டையும் நான்தான் செய்கிறேன்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வரும் வழியில் முடிவு செய்துவிட்டேன்.

நாளைக்கு எல்லா வரிகளையும் கொடுப்பேன். ஆனால் செல்விக்கு மேலே ஒரு புது வரி இருக்கும், நாளைய தேதியில். எங்கள் படிவத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டு, அவள் சொல்லும் பதிலை அவள் வார்த்தையிலேயே எழுதுவேன். டாக்டரின் கடிதத்தை அதோடு இணைப்பேன். பொறுப்பேற்பவர் என்ற இடத்தில் என் பெயரும் இந்த வீட்டு முகவரியும் இருக்கும். இருளப்பனிடம் நானே பேசுவேன். தங்கை உயிரோடு, நன்றாக இருக்கிறாள் என்று. வந்து பார்க்கலாமா என்பதை அவள் சொல்வாள். தனபாலன் சார் கத்துவார். இல்லத்தில் இருப்பவரை ஊழியர் வீட்டுக்கு அழைத்துப்போவதா என்பார். வேலை போனாலும் போகலாம். பூங்கிளியின் வரியில் கை வைக்க மாட்டேன். அவள் கடைசியாகச் சொன்னது அதுதான்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் இல்லை, ராஜாமணியக்காவிடம் இல்லை. செல்வியிடமே சொல்லவில்லை. அறையைக் கழுவிவிட்டுத்தான் இருக்கிறேன், அவளை ஒரு வார்த்தை கேட்காமலேயே.

காலையில் சமையலறைக்குப் போய்க் கேட்க வேண்டும். என் வீட்டுக்கு வருகிறீர்களா என்று. அவள் மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால், அதையும் எழுதிக்கொள்வேன்.